வேலையில் விரல் வெட்டுப்பட்டால்: முதல் பத்து நிமிடத்திலிருந்து இ.எஸ்.ஐ. பணம் கைக்கு வரும் வரை

என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறான். 2024-ல் ஒரு வெள்ளிக்கிழமை, காலை டீக்குக் கொஞ்சம் முன்னால், துணி அடுக்கை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மிஷினைத் தள்ளியிருக்கிறான். கைக்குழி வளைவில் மிஷினைத் திருப்பும்போது பிளேடு இடது ஆள்காட்டி விரலின் மேல் கணுவை எடுத்துவிட்டது, நடுவிரலும் ஆழமாக அறுபட்டது.

கை ஆறப் பன்னிரண்டு வாரம் ஆனது. பேப்பர் வேலை முடியப் பதினான்கு மாதம் ஆனது. இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வரி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சூப்பர்வைசர், "வீட்டுல கத்தி பட்டுருச்சு" என்று சொல்ல, முதல் சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். அவன் கையில் கட்டு, பேனா பிடிக்கிற நிலையிலும் மனசு இல்லை, அதனால் ஓடியதெல்லாம் அக்கா நான்தான். நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பனியன் கம்பெனிக்கு மட்டும் இல்லை, பிரஸ், ஷியரிங் மிஷின், மரம் அறுக்கிற ரம்பம், கறிக்கடைக் கத்தி, பேப்பர் கட்டிங் என்று எங்கே வேலை பார்த்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. இன்றைக்கே பார்த்துவைக்க வேண்டியது

அடிபடுவதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒரே பேப்பர் வேலை இது, அரை மணி நேரம் போதும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போட வேண்டும். 13,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 98 ரூபாய். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் மட்டும் போதாது, கட்டுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு 10 இலக்கக் காப்பீட்டு எண் இருக்கும், அதை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ உமங் என்ற அரசுச் செயலியிலோ மாதாமாதம் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் கம்பெனி ஆபீசில் கேட்டு வாங்குங்கள், போனில் சேமித்துவையுங்கள்.

அங்கேயே மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள். ஒன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், இ.எஸ்.ஐ.யில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் பணம் வரும் நேரத்தில் நின்றுவிடும். இரண்டு, எந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் (டாக்டர் பார்க்கும் டிஸ்பென்சரி) உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது. தம்பிக்கு அவன் குடியிருந்த பழைய வீட்டுப் பக்கத்து மருந்தகம் இருந்தது. மூன்று, உங்கள் சம்பளம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள் என்பது. தம்பி கையில் வாங்கியது நாளுக்கு 700 ரூபாய், கணக்கில் இருந்தது 500. பின்னால் வரும் எல்லாப் பணமும் அந்த 500-ஐ வைத்துத்தான் வந்தது. பீஸ்ரேட்டில் வேலை செய்கிறவர்கள், கான்ட்ராக்டர் மூலமாக உள்ளே வந்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கான்ட்ராக்டர் ஆள் என்றால் யாருடைய இ.எஸ்.ஐ. கோடு நம்பரில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதையும் தெரிந்துவையுங்கள், விபத்து அறிக்கை அங்கிருந்துதான் போக வேண்டும்.

2. முதல் பத்து நிமிடம்

மிஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியை வெட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருங்கள். மோதிரம் போட்டிருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். ரப்பர் பேண்ட், கயிறு என்று எதையும் விரலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம், அழுத்தினாலே பெரும்பாலும் ரத்தம் நிற்கும். அழுத்தியும் நிற்காமல் பீய்ச்சி அடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிஷின் கிரீஸ் எதையும் அப்பாதீர்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் முதலில் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரம் செலவழிக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் டீ, ஜூஸ் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

துண்டாகிப் போன விரல் இருந்தால் தேடி எடுங்கள். துணி அடுக்குக்குள் கிடக்கும், வெட்டிய கழிவோடு மூட்டைக்குள் போய்விடவும் கூடும். எடுத்ததும் அழுக்கு இருந்தால் நல்ல தண்ணீரில் லேசாக அலசி, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்று, தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். விரல் ஐஸில் நேராகப் படவே கூடாது. எங்கள் விஷயத்தில் நடந்த முதல் தவறு இதுதான். கூட வேலை செய்த பையன் பாசத்தில் ஓடிப்போய் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, ஒரு டம்ளரில் ஐஸைக் கொட்டி அதற்குள் விரல் துண்டைப் போட்டுக் கொண்டுவந்தான். டாக்டர் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார், துண்டு வெளுத்து விறைத்துப் போயிருந்தது. உறைந்த தசையில் ரத்தக்குழாயைத் தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஒழுங்காகக் குளிர்ச்சியில் வைத்த விரல் துண்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும் என்று அவரேதான் சொன்னார். கை மணிக்கட்டோடு போயிருந்தால் அவ்வளவு நேரம் இல்லை, ஆறு மணி நேரத்துக்குள் மேசையில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் யாராவது ஒருவர் மிஷின், மேசை, ரத்தம் பட்ட இடம் எல்லாவற்றையும் போனில் இரண்டு படம் எடுத்துவையுங்கள். நேரத்தோடு பதிவாகிற அந்தப் படம் பின்னால் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கீழே சொல்கிறேன்.

3. எந்த ஆஸ்பத்திரி

சின்ன வெட்டு என்றால் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகம். விரல் துண்டாகியிருந்தால், விரலை மடக்க வரவில்லை என்றால், விரல் நுனி மரத்துப்போயிருந்தால் பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மேல்தோலைத் தைத்தால் வெளியே அழகாக ஆறிவிடும். உள்ளே அறுந்த டெண்டன், விரலை மடக்குகிற நாண், அப்படியே கிடக்கும். அதை முதல் சில நாட்களுக்குள், போனால் இரண்டு வாரத்துக்குள் தைத்தால்தான் நல்ல பலன். தையல் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: "நாண் அறுந்திருக்கா, உணர்ச்சி நரம்பு அறுந்திருக்கா, பாத்தீங்களா?"

கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரத்தில் இ.எஸ்.ஐ. ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்கு நேராகவும் போகலாம், ஆனால் உள்ளே நுழையும்போதே காப்பீட்டு எண்ணைக் கொடுத்து இ.எஸ்.ஐ. நோயாளி என்று பதியச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்கோ இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ தகவல் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். ஒப்பந்தம் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் முதலில் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். அப்புறம் பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம், ஆனால் அவர்கள் போடும் பில்லுக்கு இல்லை, அரசு நிர்ணயித்த கட்டணத்துக்குத்தான் தருவார்கள். எங்களுக்கு முதல் நாள் முன்பணம் 30,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், நான் கழுத்துச் சங்கிலியை வைத்துக் கட்டினேன். பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பியது. இ.எஸ்.ஐ. வழியாகவே போயிருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை.

4. பதிவு போடும் மேசை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் யாராவது "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு எழுதுவார்கள். அரசு மருத்துவமனையில் அது விபத்துப் பதிவேடு, எல்லாரும் ஏ.ஆர். என்பார்கள். தனியாரில் கேஸ் ஷீட்டின் முதல் பக்கம். அங்கே விழுகிற வரியில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: வேலை செய்யும் இடத்தில், எந்த மிஷினில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு. "திருப்பூரில் இன்ன கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தபோது காலை பத்தேமுக்காலுக்குத் துணி வெட்டும் மிஷினில் இடது கை ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டது." அவ்வளவுதான்.

கம்பெனி ஆள் கூட வந்திருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் விபத்து என்று பதிவானால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், ஆடிட்டில் கேள்வி வரும் என்ற பயம் அவருக்கு உண்டு. எங்கள் சூப்பர்வைசர் தம்பியிடம் சொன்னது: "தம்பி, வீட்டுலன்னு சொல்லிக்கலாம், கேஸு கீஸுன்னு வேண்டாம், செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்." வலியில் இருந்தவன் தலையாட்டிவிட்டான். கம்பெனி பார்த்துக்கொண்டது இரண்டு வாரம்.

அடிபட்டவரே பேசட்டும். அவரால் முடியாவிட்டால் வீட்டு ஆள் யாராவது போய்ச் சேர்ந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், கூச்சப்படாமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே, அந்த டாக்டரிடமே திருத்தக் கேளுங்கள். அன்றைக்கு ஐந்து நிமிட வேலை. வெளியே வரும்போது அந்தச் சீட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வரியால் பணத்தில் என்ன வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். வேலையில் பட்ட காயம் என்றால் சம்பளத்தில் 90 சதவீதம், எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாதோ அத்தனை நாளும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டில் பட்ட காயம் என்றால் அது சாதாரண நோய்க் கணக்கு: 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, அதுவும் முந்தைய அரையாண்டில் 78 நாளுக்குப் பங்குத்தொகை கட்டியிருந்தால்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், ஊனத்துக்காக ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும் பணம் வேலையில் பட்ட காயத்துக்கு மட்டும்தான்.

5. கம்பெனியில் எழுத வேண்டியது

அடிபட்ட தகவலை வாயாலும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் சொல்வது, எழுதியே கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. யார், எங்கே, எப்போது, எந்த மிஷின், பக்கத்தில் யார் இருந்தார்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் படம் அனுப்பிவிடுங்கள்.

கம்பெனியில் விபத்துப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும், அதில் பதிவு வேண்டும். அப்புறம் அவர்கள் இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், இது படிவம் 12. தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள், பெரிய காயம் என்றால் உடனே. இப்போது ஆன்லைனில்தான் போடுகிறார்கள், போட்டதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருப்பதால் படிவ எண்கள் மாறலாம். எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட "விபத்து அறிக்கை" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

"மிஷின் கார்டை (பிளேடுக்கு முன்னால் இருக்கும் தடுப்பு) நானே கழற்றினேன், க்ளவுஸ் போட மறுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். விதியை மீறியிருந்தாலும் கம்பெனி வேலைக்காகச் செய்யும்போது பட்ட அடி என்றால் இ.எஸ்.ஐ.யில் அது வேலைக் காயம்தான். ஆனால் அந்தக் கையெழுத்து விசாரணையில் உங்களைத் தேவையில்லாமல் பதில் சொல்ல வைக்கும்.

"லீவுல இருக்கும்போது பாதிச் சம்பளம் போட்டுடறோம்" என்பார்கள். நல்ல மனசாகவே இருக்கலாம். ஆனால் வருகைப் பதிவேட்டில் வந்ததாகப் போட்டுச் சம்பளம் கொடுத்துவிட்டால் அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது. எங்களுக்கு இப்படிப் பதினோரு நாள் போனது. உதவி செய்ய நினைத்தால் அதை வருகையில் சேர்க்காமல் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடிபட்டது இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத ஆள் என்றால் அவசரமாக அன்றைக்குப் பதிவுசெய்து, விபத்துத் தேதியைத் தள்ளி எழுதலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் தேதி பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான தேதியையே எழுதுங்கள். கம்பெனி பதியாததும் கட்டாததும் அவர்கள் தவறு, அதற்காக உங்களுக்கு வர வேண்டியது போகாது.

6. மருந்தகம் வேறு, கிளை அலுவலகம் வேறு

முதல் மாதம் எனக்கு இது புரியவே இல்லை. மருந்தகத்தில் வைத்தியமும் சான்றிதழும். கிளை அலுவலகத்தில் பணம். ஒன்றில் போய் மற்றதைக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

வெளியே எங்கே ஆபரேஷன் நடந்திருந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய், வேலைக்குப் போக முடியாது என்ற சான்றிதழை வாங்க வேண்டும். முதல் சான்று, இடைச் சான்றுகள், கடைசியில் வேலைக்குப் போகலாம் என்ற இறுதிச் சான்று. இடைச் சான்று பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. குறித்த தேதியைத் தவற விட்டால் நடுவில் ஓட்டை விழும், அந்த நாட்களுக்குப் பணம் வராது, பின்தேதி போட்டுத் தர மாட்டார்கள். காலையில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஒவ்வொரு சான்றையும் கிளை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுங்கள். காரணம் என்ற இடத்தில் வேலைக் காயம் என்று குறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஒரு வாரம் சரியாக எழுதி அடுத்த வாரம் வெறும் காயம் என்று எழுதிவிடுவதும் நடக்கும்.

கிளை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: சான்றிதழ்களின் அசல், பணம் கோரும் படிவம் 9, ஆதார், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், விபத்து அறிக்கையின் பிரதி, ஏ.ஆர். அல்லது டிஸ்சார்ஜ் சீட்டின் பிரதி. வலது கையில் அடிபட்டவர் என்றால் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதற்காக யாரையும் போலிக் கையெழுத்துப் போட விடாதீர்கள். படிவத்துக்குக் காசு இல்லை. வாசலில் நின்று "நான் முடிச்சுத் தர்றேன்" என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் அசல் காகிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு ஜெராக்ஸ், பஸ், தபால் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்.

விபத்து நடந்த நாள் போக மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால்தான் இந்தப் பணம் உண்டு. தம்பிக்குக் கணக்குச் சம்பளம் 500, அதில் 90 சதவீதம் 450. பன்னிரண்டு வாரம், 84 நாள், 37,800 ரூபாய் வர வேண்டும். மேலே சொன்ன பதினோரு நாளைக் கழித்து 32,850 வந்தது. பேப்பர் சுத்தமாக இருக்கிறவர்களுக்குச் சில வாரத்தில் வங்கிக்கு வந்துவிடுகிறது, வரிசையில் என் பக்கத்தில் நின்றவர்களுக்கு அப்படித்தான் வந்தது.

இந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. "வர்றதுன்னா திங்கக்கிழமை வா, இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவோம்" என்று யாராவது சொன்னால் பயந்துபோய்க் கட்டோடு வேலைக்குப் போகாதீர்கள்.

7. தவறான வரி ஏற்கெனவே விழுந்துவிட்டால்

கிளை அலுவலகத்தில் அந்த அம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, இதுல வீட்டுலன்னு போட்டிருக்கே, நாங்க எப்படிக் கம்பெனி விபத்துன்னு எடுத்துக்கறது?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆஸ்பத்திரிப் பதிவை அடித்து எழுதச் சொல்லாதீர்கள், செய்யவும் மாட்டார்கள், செய்தால் இன்னும் சந்தேகம் வரும். நான் செய்தது இது. தம்பி தன் கைப்பட, முதலில் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று உள்ளபடி எழுதி, கிளை மேலாளருக்குக் கொடுத்து முத்திரை வாங்கினான். அதோடு அன்றைய வருகைப் பதிவு, விரல் வைக்கும் மிஷினில் காலை 8.27-க்கு உள்ளே போனது, வெளியே போன பதிவு இல்லாதது. மேசையில் ரத்தம் பட்ட படம், எடுத்த நேரம் 10.52. ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் 11.30. இந்த மூன்று நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதில், வீட்டில் நடந்திருக்கவே முடியாது என்று தெளிவாகிவிட்டது. அப்புறம் கூட வேலை செய்த இருவர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் கேட்க எனக்கே தயக்கமாக இருந்தது, அவர்களுக்கும் அதே கம்பெனியில்தானே சோறு. அதில் ஒருவர் டம்ளரில் ஐஸ் கொண்டுவந்த அந்தப் பையன். "நான் பாத்தத எழுதறதுக்கு என்னக்கா" என்று உடனே எழுதிக் கொடுத்தான்.

இ.எஸ்.ஐ. ஆட்கள் கம்பெனிக்கு வந்து விசாரித்தார்கள். கம்பெனி தாமதத்துக்குக் காரணம் எழுதி விபத்து அறிக்கை போட்டது. இந்தக் கட்டத்துக்கே ஏழு மாதம். நடுவில் இரண்டு மாதம் அசைவே இல்லாமல் இருந்தபோது, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி "என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன குறை" என்று கேட்டு ஆன்லைனில் போட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்னாலேயே போன் வந்தது. அதற்கு முன்னால் 1800-11-2526 என்ற இ.எஸ்.ஐ. இலவச எண்ணையும் முயன்று பாருங்கள், கூப்பிட்ட தேதியைக் குறித்துவையுங்கள்.

8. மருத்துவக் குழு

பெரும்பாலானவர்கள் இறுதிச் சான்று வாங்கி வேலைக்குப் போனதோடு விட்டுவிடுகிறார்கள். விரலில் கொஞ்சம் குறைந்திருந்தாலும், மடங்காமல் விறைத்திருந்தாலும் நிரந்தர ஊனத்துக்கான பணம் உண்டு, நீங்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டே அதை வாங்கலாம். இறுதிச் சான்று வந்த கையோடு, ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்த்து முடிவு செய்யும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

விரல் இழப்புக்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. பெருவிரல் முழுவதும் 30 சதவீதம், அதன் மேல் கணு மட்டும் என்றால் 20. ஆள்காட்டி விரல் முழுவதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் 5. நடுவிரல் முழுவதும் 12, ஒரு கணு 7. மோதிர விரலோ சுண்டு விரலோ முழுவதும் 7, ஒரு கணு 5. நாலு விரலும் போனால் 50. எலும்பு போனதா இல்லையா என்பதில் சதவீதம் மாறுவதால் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடிபட்ட அன்று எடுத்ததும் கடைசியாக எடுத்ததும் இரண்டும் வேண்டும்.

பட்டியலில் இல்லாத குறையைக் குழு பார்த்து முடிவு செய்யும். அங்கே வெட்கப்பட்டுக்கொண்டு "பரவாயில்லைங்க" என்று சொல்லாதீர்கள். தம்பி அப்படித்தான் ஆரம்பித்தான். டாக்டர் ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்து இடது கையால் எடுக்கச் சொன்னார். மேல் கணு இல்லாத விரலும் மடங்காத நடுவிரலும் நாணயத்தைத் தள்ளிக்கொண்டே மேசை விளிம்பு வரை போயின, அங்கே கட்டைவிரலை வைத்து அள்ளித்தான் எடுத்தான். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, துணி அடுக்கை இழுத்து விரிக்க முடிகிறதா, குளிரில் நுனி வலிக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலுக்கு 9, நடுவிரல் விறைப்புக்கும் சேர்த்து மொத்தம் 12 சதவீதம் கொடுத்தார்கள்.

கணக்கு: 450 ரூபாயில் 12 சதவீதம் 54. ஒரு நாளைக்கு 54 ரூபாய், முப்பது நாளுக்கு 1,620, ஆயுள் முழுக்க. தற்காலிகப் பணம் நின்ற மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்த்துத் தந்தார்கள். இதற்கான கோரிக்கைப் படிவம் 14. உயிர்ச் சான்று கேட்கும்போது தவறாமல் கொடுக்க வேண்டும். சதவீதம் குறைவு என்று நினைத்தால் முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதனால் கடிதம் வந்த தேதியை உறையிலேயே எழுதிவையுங்கள்.

9. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை என்றால்

ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை, கறிக்கடை, அல்லது உங்கள் சம்பளம் 21,000-க்கு மேல். அப்போது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் வழி. அது 1923-ல் வந்தது, இப்போது மேலே சொன்ன சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. மனுவைத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள். அடிபட்ட ஊரில்தான் என்று இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு இது பெரிய வசதி. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இந்த வழியில் போக முடியாது, இரண்டும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மேலே சொன்ன அதே விரல் சதவீதம்தான் இங்கேயும், ஆனால் மொத்தமாக ஒரே தொகை. சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்கி, அதில் ஊனச் சதவீதம். 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. 25 வயது என்றால் பெருக்கும் எண் 216.91. ஆள்காட்டி விரல் ஒரு கணு, 9 சதவீதம்: 9,000 ரூபாயை 216.91-ஆல் பெருக்கி அதில் 9 சதவீதம் எடுத்தால் 1,75,697 ரூபாய். வைத்தியச் செலவும் முதலாளி தர வேண்டும், அதனால் மருந்துக்கடை பில் உட்பட எல்லாவற்றையும் வையுங்கள். முதலாளி "இருபதாயிரம் வாங்கிக்கோ, இதுல கையெழுத்துப் போடு" என்று நீட்டும் தாளில் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சமரசம் செய்வதாக இருந்தாலும் ஆணையரிடம் பதிவு செய்துதான் செய்ய வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், எண் 15100.

10. திரும்ப வேலைக்குப் போகும்போது

பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதீர்கள். நாண் தைத்த விரலைப் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் கனமான வேலைக்கு விட்டால் அறுந்துபோகலாம், அசைக்காமலேயே வைத்திருந்தால் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். எவ்வளவு அசைக்கலாம் என்பதைத் தெரபி சொல்லித் தருபவரிடம் வாராவாரம் கேளுங்கள். அதே விரலுக்குப் பின்னால் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டால் பழைய வேலைக் காயத்தின் தொடர்ச்சி என்று மருந்தகத்தில் முதலிலேயே சொல்லி எழுத வையுங்கள்.

மிஷினுக்கு முன்னால் போய் நின்றதும் பிளேடுக்கு முன்னால் இருக்கும் கார்டை அடுக்கின் உயரத்துக்கு இறக்குங்கள், துணி பிடிக்கும் கையில் ஸ்டீல் க்ளவுஸ் போடுங்கள். ஆடிட் நாளுக்கு மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வருகிற க்ளவுஸ் எத்தனையோ கம்பெனியில் இருக்கிறது, உங்கள் அளவுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் மேசையிலேயே வையுங்கள். லேத், டிரில்லிங் மாதிரி சுற்றுகிற மிஷினில் மட்டும் க்ளவுஸ் போடக் கூடாது, கையையே இழுத்துக்கொள்ளும். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தம்பி இப்போது அதே மேசையில்தான் நிற்கிறான். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாள் அவன் காட்டுவது மிஷினை இல்லை, தன் போனில் சேமித்துவைத்திருக்கும் அந்த 10 இலக்க எண்ணைத்தான். "உன்னோடது எங்க, எடு" என்று கேட்டு, அவர்கள் போனிலும் ஏற்றிவிட்ட பிறகுதான் துணியில் கைவைக்க விடுகிறான்.